பொலித்தீன் கூடாரத்தில் பூச்சியும் சிற்றுண்ணியும்: யாழ்ப்பாணத்துப் புதுத் தோட்டக்காரருக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் பொலித்தீன் கூடாரம் போடுகிறவர்கள் பெரும்பாலும் மழையை நினைத்துத்தான் போடுகிறார்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரியில் வெளித்தோட்டத்துத் தக்காளியும் கறிமிளகாயும் அழுகிப்போக, கூடாரத்துக்குள் நிற்பவை காய்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் சந்தையில் விலையும் நன்றாக இருக்கும். கணக்குச் சரிதான். ஆனால் அந்தக் கூரை பூச்சியையும் மழையிலிருந்து காப்பாற்றுகிறது. வெளியில் ஒரு பெருமழை, தளிரில் கூட்டமாக இருந்து சாறு உறிஞ்சும் அழுக்கணவனையும், சிலந்தியின் உறவான மிகச்சிறிய சிற்றுண்ணியையும் இலையிலிருந்து கழுவி இறக்கிவிடும். உள்ளே அந்தக் கழுவல் இல்லை. பொறிவண்டு, சிலந்தி, ஒட்டுண்ணிக் குளவி, குருவி என்று பூச்சியைத் தின்னும் உயிர்களையும் வலை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. ஒரே இனப் பயிர் இலையோடு இலை முட்டி நிற்கிறது. வெக்கையும் சேர, உள்ளே நுழைந்த பத்துப் பூச்சி ஒரு மாதத்தில் ஒரு கூடாரத்தையே பிடித்துவிடும்.

ஆகவே கூடாரத்தில் பூச்சி முகாமைத்துவம் என்பது முக்கால்வாசி கண்டு நடுவதற்கு முன்னரே முடிய வேண்டிய வேலை. மிச்சத்தில் பெரும்பகுதி இலையைத் திருப்பிப் பார்ப்பது. மருந்துப் போத்தல் கடைசியில்தான் வரவேண்டும். இந்த வழிகாட்டியின் ஒழுங்கும் அதுதான்.

கூடாரத்தைப் பூட்டுவது

பூச்சி மூன்று வழியால் உள்ளே வரும்: வலையால், கண்டோடு, மனிதரோடு.

வலையிலிருந்து தொடங்குங்கள். பக்கங்களுக்கு 40 மெஷ், அதாவது ஓர் அங்குலத்துக்கு 40 கண்ணுள்ள, பூச்சி வலை போட்டால் வெண்ஈ என்ற சிறு வெள்ளைப் பூச்சி பெருமளவு வெளியில் நின்றுவிடும். இலையைச் சுரண்டிச் சாறு உறிஞ்சும் பனிப்பூச்சி அதைவிட ஒடுங்கிய உடம்புக்காரன்; 40 மெஷ்ஷுக்குள்ளாலும் நுழைவான். அதற்காக மிக நெருக்கமான வலை போட்டால் காற்று ஓடாது. சித்திரை வெயிலில் இங்கே கூடாரத்தின் உள் வெப்பம் 40 பாகையை எளிதாகத் தாண்டும். பூ கொட்டும், சிற்றுண்ணி பெருகும். என் அபிப்பிராயம், இந்த மண்ணுக்கு 40 மெஷ்தான் பொருத்தம். கூரை உச்சியில் காற்றுத் திறப்பு வையுங்கள், அதற்கும் அதே வலையைக் கட்டுங்கள். பனிப்பூச்சியை வேறு வழியால் பார்த்துக்கொள்ளலாம்.

வலையின் அடிப்பக்கத்தை ஓர் அடி ஆழத்துக்கு மண்ணில் புதைத்துவிடுங்கள். சோளகம் அடிக்கிற மாதங்களில் வலை இழுபட்டுக் கிழியும்; வாரத்துக்கு ஒருமுறை சுற்றி நடந்து, கிழிசலை அன்றைக்கே ஊசி நூலால் தையுங்கள். ஒரு சாண் கிழிசல் இருந்தால் முழு வலைக்கும் போட்ட காசு வீண்.

கதவு இரண்டு இருக்கவேண்டும். ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி விட்டு, ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்கவேண்டும். செலவை நினைத்துப் பலர் விடுகிற இடம் இது. வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

கூடாரத்தைச் சுற்றிப் பத்து அடிக்குப் புல்பூண்டு இல்லாமல் செருக்கி வையுங்கள். பார்த்தீனியம், துத்தி, அம்மான்பச்சரிசி எல்லாம் வெண்ஈயும், வெள்ளை மா பூசினாற்போலத் தெரியும் வெண்மூட்டுப்பூச்சியும் தங்கும் இடங்கள். செம்பரத்தை வேலி கூடாரத்தோடு ஒட்டி நின்றால் வேறிடத்துக்கு மாற்றுங்கள்; அழுக்கணவனும் வெண்மூட்டுப்பூச்சியும் அதில் ஆண்டு முழுக்க இருக்கும். பக்கத்துக் காணியில் புகையிலையோ கத்தரியோ நின்றால் அதை நீங்கள் மாற்ற முடியாது. வெண்ஈயை 1889இல் கிரேக்க நாட்டில் முதன்முதல் விவரித்ததே புகையிலையிலிருந்துதான். நம்மூர்ப் புகையிலையையும் அது விட்டுவைப்பதில்லை. அப்படியான இடத்தில் காற்று வரும் பக்கமாக இரண்டு மூன்று நிரை சோளம் நெருக்கமாக விதைத்துவிடுங்கள். பறந்து வருவதில் ஒரு பங்கை அது தடுக்கும்.

நிலம், கண்டு, ஆள்

முந்திய பயிரை அகற்றியதற்கும் புதிய கண்டு வைப்பதற்கும் இடையில் குறைந்தது மூன்று கிழமை கூடாரம் வெறுமையாக இருக்கட்டும். ஒரு புல்லும் நிற்கக்கூடாது. தின்னப் பச்சை இலை இல்லாவிட்டால் வெண்ஈ சில நாளில் செத்துவிடும். பங்குனி, சித்திரையில் இடைவெளி கிடைத்தால் இன்னும் நல்லது. பாத்தியைக் கொத்தி, நன்றாக நனைத்து, தெளிவான மெல்லிய பொலித்தீனால் மண்ணை ஒட்டி மூடி, ஓரங்களுக்கு மண் போட்டு, நான்கு முதல் ஆறு கிழமை விடுங்கள். வெயிலே மண்ணை வேகவைக்கும். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடக்கும் பனிப்பூச்சியும் வேர்முடிச்சு வட்டப்புழுவும் பல களை விதைகளும் ஒன்றாகக் குறையும்.

கண்டை வெளியில் வாங்குவதானால் தட்டைத் தலைக்கு மேலே தூக்கி இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். ஒரு வெண்ஈ பறந்தாலும் வாங்காதீர்கள். தக்காளிக்கு இது உயிர்ப்பிரச்சினை. இலைச்சுருள் வைரசு உள்ள செடியில் அரை மணி நேரம் உறிஞ்சிய வெண்ஈ, மிச்ச வாழ்நாளில் பெரும்பகுதியும் அந்த வைரசைப் பரப்பக்கூடியது. தொற்றிய கண்டு இரண்டு மூன்று கிழமைக்குப் பச்சைப்பசேல் என்றுதான் நிற்கும். பிறகே நுனி இலை சுருண்டு, மஞ்சளாகி, குறுகிப்போகும். அதனால் முடிந்தவர்கள் தும்புத்தூள் நிரப்பிய தட்டில், பூச்சி வலையால் மூடிய சிறு நாற்றுக் கூட்டுக்குள், தாங்களே கண்டு போடுவது மேல்.

நடும்போது பாத்திக்கு வெள்ளி நிறப் பொலித்தீன் மூடாக்கு விரித்தால் அதில் தெறிக்கிற வெளிச்சம் பனிப்பூச்சி, வெண்ஈ, அழுக்கணவன் மூன்றையும் குழப்பும். இலை பரந்து பாத்தியை மூடும்வரைதான் இந்தப் பலன். ஆனால் வைரசு தொற்றினால் ஆக மோசமாகப் பாதிக்கப்படுவதும் அந்த இளங்கண்டுப் பருவம்தான்.

ஆள் விஷயம் சுருக்கமானது. காலையில் முதலில் கூடாரத்துக்குள் வேலை, பிறகு வெளித்தோட்டம். வெளித்தோட்டத்தில் கத்தரி பிடுங்கிய உடுப்போடு உள்ளே வரக்கூடாது. மஞ்சள் சட்டையும் வேண்டாம்; வெண்ஈயும் அழுக்கணவனும் மஞ்சளைத் தேடி வந்து ஒட்டும். திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம் என்று சந்தைக்குப் போய்வந்த கூடைகளையும் பெட்டிகளையும் கதவுக்கு வெளியே வைத்து, கழுவி, காயவிட்ட பிறகே உள்ளே எடுங்கள்.

இலையைத் திருப்பிப் பார்க்கும் வேலை

வாரத்துக்கு இரண்டு நாள், காலையில், பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையோடும் ஒரு கொப்பியோடும் உள்ளே நடக்கவேண்டும். கதவடி, ஓரங்கள், வெயில் கூடப் படும் மூலை, இந்த இடங்களைக் கட்டாயம் பாருங்கள். தொற்று அநேகமாக அங்கேதான் தொடங்கும். பிறகு நிரை நிரையாக வளைந்து போய், இருபது செடியிலாவது நுனி, நடு, அடி என மூன்று மட்டத்து இலைகளைத் திருப்புங்கள். சந்தேகமான கிளையை ஒரு வெள்ளைத் தாளின்மேல் தட்டுங்கள். தாளில் விழுந்து நகர்பவற்றை வில்லையால் பார்க்கலாம்.

மஞ்சள் ஒட்டுப்பொறி ஒரு பரப்புக் காணிக்கு இரண்டு மூன்று போதும், அதில் ஒன்று கதவடியில் இருக்கட்டும். செடியின் நுனி மட்டத்தில் தொங்கவிட்டு, செடி வளர வளர உயர்த்துங்கள். கடையில் கிடைக்காவிட்டால் மஞ்சள் பெயின்ற் அடித்த பிளாஸ்ரிக் தகட்டில் கிறீஸ் பூசினாலே சரி. பொறி பூச்சியை ஒழிக்காது. எப்போது வந்தது, கூடுகிறதா குறைகிறதா என்று சொல்லும். அதற்காக எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதவேண்டும். எழுதாவிட்டால் பொறி தொங்குவதில் பயனில்லை.

இனி, காண்பது எது என்று தெரியவேண்டும்.

வெண்ஈ ஒரு மில்லிமீற்றர் அளவு. செடியைத் தட்டினால் எழும்பிப் பறந்து திரும்ப வந்து இருக்கும். குஞ்சுகள் இலையின் அடியில் அசையாத வெளிர்மஞ்சள் செதில்களாக ஒட்டியிருக்கும். நம்மூர் வெக்கையில் முட்டையிலிருந்து மூன்று கிழமைக்குள் அடுத்த தலைமுறை பறக்கத் தொடங்கும். அழுக்கணவன் நுனியில் கூட்டமாக இருக்கும். பிசுபிசுப்பும் கறுப்புப் பூஞ்சணமும் எறும்பும் கூட வரும். எறும்பு, அவை கழிக்கும் அந்த இனிப்புப் பிசுபிசுப்புக்காக அழுக்கணவனையும் வெண்மூட்டுப்பூச்சியையும் காவல் காக்கிறது. எறும்பு நிரை தண்டில் ஏறுகிறதென்றால் மேலே யாரோ இருக்கிறார்கள்.

பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும்தான் புதியவர்களைக் குழப்பும் இரண்டு. மிளகாய், கறிமிளகாயில் இப்படிப் பிரிக்கலாம்: இலையின் ஓரங்கள் மேல்நோக்கி வளைந்து தோணி மாதிரி நின்றால் பனிப்பூச்சி. ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்து இலை கவிழ்ந்த தோணியாக நீண்டு, அடிப்பக்கம் வெண்கல நிறமாகப் பளபளத்தால் அகலச் சிற்றுண்ணி. வெறுங்கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிற்றுண்ணி 0.2 மில்லிமீற்றர்தான், வெண்ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு செடிக்குச் செடி சவாரி போகும். இதை வைரசு என்றோ உரக்குறைபாடு என்றோ நினைத்து வேறெதையாவது தெளித்துக் காலத்தைப் போக்குகிறவர்கள் நிறையப்பேர். அதனால்தான் வில்லை வாங்கச் சொல்கிறேன்.

மற்றது செஞ்சிலந்திச் சிற்றுண்ணி. சலாட் வெள்ளரியையும் கத்தரியையும் தேடிவரும். முதலில் இலையின் மேற்புறத்தில் ஊசிமுனை அளவு வெளிறிய புள்ளிகள். பிறகு இலை மஞ்சளித்து, அடியில் நுண்ணிய வலை தெரியும். வலை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு விட்டால் பிந்திவிட்டது. 30 பாகை வெப்பத்தில் பத்து நாளுக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். காய்ந்த காற்றும் புழுதியும் அதற்குப் பிடித்தவை. வைகாசி முதல் ஆவணி வரையான சோளகக் காலத்தில் இதைத்தான் முதலில் தேடவேண்டும்.

இலைக்குள் வெள்ளைக் கோடு கோடாக ஓடினால் இலைச்சுரங்கப் புழு. அடி இலைகளில் மட்டும் இருந்தால் கிள்ளி அகற்றினால் போதும்; பயிர் தாங்கும். பச்சைப் புழுக்களும் வெட்டுப்புழுவும் தெரிந்தால் கையால் பொறுக்குங்கள், வலையில் எங்கே கிழிசல் என்றும் தேடுங்கள். அந்துப்பூச்சி 40 மெஷ்ஷுக்குள்ளால் வராது.

கண்டபிறகு என்ன செய்வது

முதலில் கை. தொற்று இரண்டு மூன்று செடியில் மட்டும் இருந்தால் அந்த இலைகளை, வைரசு என்றால் முழுச் செடியையே, செடி நிற்கும் இடத்தில் வைத்தே பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோங்கள். பையில்லாமல் இழுத்துக்கொண்டு நடந்தால் வழிநெடுக உதிர்த்துக்கொண்டு போவீர்கள். கட்டிய பையை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போட்டுவிட்டுப் புதைக்கலாம். கூடாரத்தின் பின்பக்கம் குப்பையாகக் குவிப்பது பூச்சியை வாசலில் குடிவைப்பதுதான்.

அடுத்தது தண்ணீர். சிற்றுண்ணிக்கும் அழுக்கணவனுக்கும் காலையில் இலையின் அடிப்பக்கத்துக்குக் குழாயால் வேகமாக அடிப்பது, மழை செய்யும் வேலையை நாம் செய்வது. பொழுதுபடுமுன் இலை காயவேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சண நோய் வரும்.

உரத்தையும் பாருங்கள். யூரியாவை அள்ளிப்போட்ட கூடாரத்தில் கொழுத்த மென்மையான தளிர் வரும். உறிஞ்சும் பூச்சிகளுக்கும் சிற்றுண்ணிக்கும் அதைவிட நல்ல உணவில்லை. உரத்தைச் சிறுசிறு பங்காகப் பிரித்துப் போடுங்கள்.

அதன்பிறகு வேம்பு. நம்மூரில் வேம்புக்குப் பஞ்சமில்லை. ஆனி, ஆடியில் பழுத்து விழும் விதையைப் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டி வைத்தால் மாரிப் பயிருக்கு உதவும். தோலை நீக்கிய பருப்பை லீற்றருக்கு 50 கிராம் கணக்கில் இடித்து, துணியில் கட்டி இரவு ஊறவிட்டு, காலையில் பிழிந்து வடித்து, 10 லீற்றருக்கு 20 கிராம் சவர்க்காரத்தைச் சீவிக் கரைத்துச் சேருங்கள். அன்றைக்கே பின்னேரம் அடித்து முடிக்கவேண்டும். வெயில் இதைக் கெடுத்துவிடும். கூடார வெக்கையில் பகலில் அடித்தால் இலையும் கருகும். புதுப் பயிரென்றால் முதலில் நாலைந்து செடிக்கு அடித்து இரண்டு நாள் பாருங்கள். உடுப்புத் தோய்க்கும் பவுடர் வேண்டாம். வேம்பு உடனே கொல்லாது. தின்பதையும் வளர்வதையும் முட்டையிடுவதையும் குழப்பும். அதனால் வாரத்துக்கு ஒருமுறையென்று மூன்று முறையாவது, முக்கியமாக இலையின் அடியில் படும்படி, அடித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இலைகளைத் திருப்பும்போது உங்களுக்கு உதவுகிறவர்களையும் அடையாளம் காணுங்கள். பழுப்பு நிறமாக உப்பிப்போய்க் கிடக்கும் அழுக்கணவனுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சு இருக்கிறது. அந்த இலையைப் பிடுங்கவும் வேண்டாம், அதன்மேல் எதையும் அடிக்கவும் வேண்டாம். 2008இல் இலங்கைக்குள் வந்து பப்பாசியை அழித்த வெண்மூட்டுப்பூச்சியை அடக்கியது மருந்தல்ல. அடுத்த ஆண்டு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட, கண்ணுக்குத் தெரிவதே கடினமான ஒரு குளவிதான்.

மருந்தடிக்கத்தான் வேண்டுமென்றால்

யாழ்ப்பாணத்தின் குடிதண்ணீரும் தோட்டத் தண்ணீரும் ஒரே சுண்ணாம்புக் கல்லுக்குள்தான் கிடக்கின்றன. மேலே ஊற்றுவது கீழே வடிவதற்கு இங்கே நாள் எடுக்காது. தெளிகருவியைக் கிணற்றடியில் கழுவக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

சிற்றுண்ணி பூச்சியல்ல, எட்டுக்கால் உயிர், சிலந்தியின் உறவு. பூச்சிக்கான மருந்துகளில் பல அதை ஒன்றும் செய்யாது. அதைவிடக் கெடுதல், பைரெத்ரொயிட் வகை மருந்தும் இமிடாகுளோபிரிட்டும் சிற்றுண்ணியைத் தின்னும் உயிர்களைக் கொன்று, சிற்றுண்ணியை முன்னைவிடப் பெருக்கிவிடும். வெண்ஈக்கு அடித்த இரண்டு கிழமையில் வெள்ளரி முழுக்கச் சிலந்திவலை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். சிற்றுண்ணிக்கு அதற்கென்று பதிவுசெய்த உண்ணிகொல்லி, அல்லது தண்ணீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகம். கந்தகத்தை 32 பாகைக்கு மேல் வெப்பமுள்ள நேரத்தில் அடிக்கக்கூடாது. வேப்பெண்ணெய் போன்ற எண்ணெய் அடித்த இரண்டு கிழமைக்குள்ளும் கூடாது. வெள்ளரி, பாகல் இனங்களில் சில கந்தகத்துக்குக் கருகும். முதலில் சில செடியில் சோதியுங்கள்.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். கடையில் பெயரை மாற்றிக் கேட்டால் மருந்து மாறிவிடாது. இமிடாகுளோபிரிட், தயமெதொக்சாம், அசெற்றாமிப்பிரிட் மூன்றும் மூன்று பெயர். பூச்சியைக் கொல்லும் விதம் ஒன்றே. வெண்ஈ ஒன்றுக்குப் பழகினால் மற்றவற்றுக்கும் பழகிவிடும். போத்தல் சுட்டுத்துண்டில், கொல்லும் விதத்தைக் குறிக்கும் செயற்பாட்டுக் குழு எண் இருந்தால் அதைப் பார்த்து, ஒரு தலைமுறைக்கு ஒரு குழு என்று மாற்றுங்கள். சுட்டுத்துண்டு தமிழிலும் இருக்கும். உங்கள் பயிரும் பூச்சியும் அதில் எழுதப்பட்டிருக்கிறதா, அளவு எவ்வளவு, கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் எத்தனை நாள் என்று மூன்றையும் படியுங்கள். வெள்ளரி ஒன்றுவிட்ட ஒருநாள் பிடுங்குகிற பயிர். பதினான்கு நாள் காத்திருக்கச் சொல்லும் மருந்தை அதற்கு அடித்துவிட்டு மூன்றாம் நாள் சந்தைக்கு அனுப்புவது, பிள்ளைகளுக்குச் சமைக்கிற ஒரு வீட்டுக்கு நஞ்சு அனுப்புவதுதான்.

அடிக்கும் நேரம் பின்னேரம். பக்கத் திரைகளை உயர்த்தி, வலை மட்டும் இருக்க, முகமூடி, கையுறை, நீளக்கைச் சட்டையோடு, கூடாரத்தின் கடைசி மூலையில் தொடங்கிக் கதவை நோக்கிப் பின்னால் நடந்து வாருங்கள். கூடாரத்துக்குள் ஆவி வெளித்தோட்டத்தைப்போல் கலைந்துபோகாது. மறுநாள் காலை நன்றாகக் காற்றோடவிட்ட பிறகே உள்ளே வேலை.

எந்தப் பூச்சியென்று பிடிபடாவிட்டால் இலையைக் காற்றுப்புகாத பையில் அடைத்து உங்கள் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள். கடைக்காரரிடம் கேட்பது அதற்குப் பிறகு.

பயிர் முடிகிற நாள்

காய்ப்பு ஓய்ந்ததும் செடியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கண்டுக்கு ஓடுவது வழமை. ஓய்ந்த செடியில்தான் பூச்சி ஆகக்கூட இருக்கும். பிடுங்கத் தொடங்கினால் எல்லாம் எழும்பிப் பக்கத்துக் கூடாரத்துக்கும் வெளித்தோட்டத்துக்கும் போகும். ஆகவே கடைசிக் காய் பிடுங்கியதும் செடிகளை அடியில் வெட்டி, நின்ற இடத்திலேயே வாடவிட்டு, திரைகளை முழுக்க இறக்கிக் கூடாரத்தை ஒரு கிழமை மூடி வையுங்கள். உள்ளே ஏறும் வெக்கையும் காய்ந்த இலையுமே வேலையைச் செய்யும். பிறகு செடிகளை அகற்றிப் புதையுங்கள். கட்டிய கயிறு, தடி, சொட்டுநீர்க் குழாய், பொறித் தகடு எல்லாவற்றையும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி வெயிலில் போடுங்கள். வலையைக் கீழிருந்து மேலாகத் தண்ணீரடித்துப் புழுதியை இறக்குங்கள்; காற்றும் வெளிச்சமும் அடுத்த பயிருக்கு நன்றாக வரும். மூன்று கிழமை இடைவெளியை இந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கலாம்.